கல்மண்டபத்துக்குச் சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர்ப் பொதுவில் கிடக்கும் பழைய கல்மண்டபங்களைச் செப்பனிடும் வேலை இப்போது பல ஊர்களில் நடக்கிறது. சாவடி, அம்பலம், வழிப்போக்கர் மண்டபம், ஏரிக்கரை மண்டபம் என்று ஊருக்கொரு பெயர். பெரும்பாலும் ஊர்க்காரர்களே கைக்காசு போட்டு நல்ல மனதோடு செய்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும் விதம் எங்கு பார்த்தாலும் ஒன்றாகத்தான் இருக்கிறது: மேலே சிமெண்ட் கான்கிரீட், கல் இடுக்குகளில் சிமெண்ட் கலவை, தூணுக்கு எனாமல் பெயிண்ட், தரைக்கு டைல்ஸ். பல நூறு ஆண்டுகள் மழை வெயில் தாங்கிய கட்டடம், இந்த நான்கு வேலைக்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் ஒழுகவும் வெடிக்கவும் தொடங்கிவிடுகிறது. ஏன் அப்படி ஆகிறது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதை, வேலைக்கு இறங்கவிருக்கும் ஊர்களுக்காக எழுதுகிறோம்.

கல்மண்டபம் எதை நம்பி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. பத்தடி நீளம், இரண்டடி அகலம், முக்காலடி கனமுள்ள ஒரு கூரைப் பாவுகல் 15 கன அடி வரும். எடை 1,100 கிலோவைத் தாண்டும். இந்த எடைதான் மண்டபத்தைக் கட்டிப் பிடித்திருக்கிறது. தூணின் மேல் இரு பக்கமும் நீளும் தாங்குகல்லான போதிகை, போதிகையின் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் பாவுகல் என்று ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே தவிர, ஒட்டவைக்கப்படவில்லை. சில இடங்களில் ஒரு கல்லின் முளை இன்னொரு கல்லின் குழிக்குள் உட்காரும் கழுந்தும் குழியும் இருக்கும். மட்டம் சேராத இடத்தில் கல்தச்சர் ஒரு கல் சில்லை அடை கொடுத்திருப்பார். அடித்தளம் ஒரு பக்கம் சற்று இறங்கினால் ஒவ்வொரு கல்லும் மயிரிழை நகர்ந்து மறுபடி உட்கார்ந்துகொள்ள இடமிருக்கிறது. அந்த இடுக்குகளைச் சிமெண்டால் இறுக்கிவிட்டால் நகர வழியில்லை. அடுத்த முறை அடித்தளம் அசையும்போது இடுக்கு கொடுக்காது, உத்திரம்தான் உடையும்.

போதிகை வெறும் அலங்காரம் என்று நினைத்து, சிதைந்திருந்தால் கொத்திச் சமப்படுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது பெரிய தவறு. கருங்கல் அமுக்கத்தை எவ்வளவோ தாங்கும். வளைக்கும் சுமையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. தூணுக்கும் தூணுக்கும் நடுவே எட்டடி இருந்து, போதிகை இரு பக்கமும் ஒவ்வோர் அடி நீண்டிருந்தால் உத்திரம் தாண்ட வேண்டிய தூரம் ஆறடிதான். வளைவுச் சுமை தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது பாதிக்குச் சற்றே மேல் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. போதிகையின் நீட்டத்தைக் குறைத்தவர் உத்திரத்தின் ஆயுளைக் குறைக்கிறார். கட்டடத்தின் காலத்தை முதல் பார்வையில் சொல்வதும் இந்த உறுப்புதான். அலை அலையாகச் சுருண்ட தரங்கப் போதிகை பல்லவர் காலப் பாணி. நடுவே நீட்டம் விட்டுச் சாய்வாக வெட்டிய போதிகை சோழர் காலப் பாணி. கீழே தாமரை மொட்டுப் போலத் தொங்கும் பூமுனை விஜயநகர, நாயக்கர் காலத்துக்குரியது. ஒரே மண்டபத்தில் இரண்டு வகை இருந்தால் ஒரு காலத்தில் கட்டியதை இன்னொரு காலத்தில் விரித்திருக்கிறார்கள், அல்லது வேறு கட்டடத்துக் கல்லைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஊர்க் கட்டடத்தின் கல் எவ்வளவு சொல்லும் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் போதும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் என்று இன்று அழைக்கப்படும் கட்டடம் ஊர்ச் சபை கூடிய மண்டபம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் சபை எடுத்த முடிவுகள் அங்கே கல்லில் இருக்கின்றன. ஊரை 30 குடும்பாக, அதாவது வட்டாரங்களாக, பிரித்துக் குடவோலையால் உறுப்பினரைத் தேர்ந்தது, யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, எந்த வாரியத்துக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் அந்த வரிகளில்தான் தெரிகிறது. அங்கே ஒருவர் சிமெண்ட் பூசியிருந்தால் தமிழ்நாட்டு ஊராட்சி வரலாற்றின் முக்கியமான ஒரு பக்கம் நம் கைக்கு வந்திருக்காது. உத்திரமேரூர் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நம் ஊர்ச் சாவடிக்கு அப்படி ஒரு பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் கூடுதல் கவனம் தேவை.

வேலை தொடங்குமுன் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் கட்டடத்தைப் பார்க்க வேண்டும். கறைகளே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். பாவுகல்லின் அடியில் வெள்ளையாக வழிந்து முனையில் சொட்டுப் போல உறைந்திருந்தால், மேல்தளத்துச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்குகிறது. துருநிறத்தில் ஓடியிருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. பச்சைப் பாசி ஆண்டு முழுவதும் ஈரம் தங்கும் இடத்தைக் காட்டும். கறுப்பு என்றால் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்குமா, வெயிலில் காய்ந்த பாசியா என்று நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; பாசி நனைந்ததும் பச்சையடிக்கும். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஜிப்சம் சாந்தால் இரு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் கட்டடம் இன்னும் நகர்கிறது. அதற்குக் காரணத்தைத் தேட வேண்டும். ஓராண்டு உடையாமல் இருந்தால் அது பழைய காயம். அதை அப்படியே விட்டுவிடலாம். பழைய காயத்துக்கு வைத்தியம் பார்த்துப் புதுக்காயம் உண்டாக்கிய கட்டடங்கள் ஏராளம்.

இனிக் கூரை. கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கருங்கல்லுக்குள் தண்ணீர் ஏறக்குறைய இறங்காது. இறங்குவதெல்லாம் பாவுகற்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில்தான். அதைத் தடுக்கத்தான் பழையவர்கள் கல்லுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் தளம் இட்டு, அதற்கு மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு பதித்தார்கள். அந்தத் தளம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் அளவுக்கு நெகிழ்வுடையது. மெல்லிய கீறல் விழுந்தாலும் மழைநீரில் கரையும் சுண்ணாம்பு கீறலுக்குள் மீண்டும் படிந்து ஓரளவு தானே மூடிக்கொள்ளும். உள்ளே போன ஈரம் வெளியேறவும் அதில் வழியுண்டு. சிமெண்ட் கான்கிரீட்டுக்கு இந்த மூன்றும் இல்லை. முதல் இரண்டு கோடையிலேயே மயிரிழை விரிசல் விழுகிறது, அதன் வழியே தண்ணீர் போகிறது, போன தண்ணீர் கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கீழே சொட்டுகிறது. ஒழுகுகிறதே என்று அதன் மேல் இன்னொரு தளம் போடுகிறார்கள். எடையை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இருபதுக்கு இருபது அடி மண்டபத்தின் மேல் நான்கு அங்குலக் கான்கிரீட் என்றால் ஒன்பது டன். இரண்டு முறை போட்டால் பதினெட்டு. அந்தப் பாவுகல்லை எடுத்து வைத்த கல்தச்சர் இந்தச் சுமையைக் கணக்கில் வைக்கவில்லை.

சரியான முறை இது. மேலே உள்ள சிமெண்ட் தளத்தை உளியும் சுத்தியும் கொண்டு கையால் எடுக்க வேண்டும். பிரேக்கர் இயந்திரம் கூடாது, அதன் அதிர்வு கீழே ஏற்கெனவே கீறல் கண்ட கல்லை முடித்துவிடும். கீறல் கண்ட பாவுகல், உத்திரம் எல்லாவற்றுக்கும் அடியில் முட்டுக் கொடுத்த பிறகே மேலே ஆள் ஏற வேண்டும். ஓர் அங்கணத்தை, அதாவது நான்கு தூணுக்கு இடைப்பட்ட பகுதியை, முடித்துவிட்டு அடுத்த அங்கணத்துக்குப் போகலாம். வெட்டியெடுத்த கட்டிகளைக் கூரை நடுவில் குவிக்காமல் அன்றன்றே இறக்கிவிட வேண்டும். பாவுகல் தெரிந்ததும் இடுக்குகளிலுள்ள மண்ணையும் வேரையும் சுரண்டி, தண்ணீர் அடித்துக் கழுவி, சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு சேர்த்த சாந்தைக் கல் சில்லோடு திணித்து அடைக்க வேண்டும். செங்கல் தூள் ஈரமான இடத்திலும் சுண்ணாம்பை இறுக வைக்கும். வெறும் மணலும் சுண்ணாம்பும் இத்தனை ஆழமான இடுக்கில் காற்றுப் படாமல் மாதக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும்.

அதற்கு மேல் ஜல்லித் தளம். நன்றாக வெந்த செங்கல்லை முக்கால் அங்குல ஜல்லியாக உடைத்து, ஊறவைத்து, ஜல்லி இரண்டரைப் பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு. மணல் சேர்க்க வேண்டியதில்லை. சுண்ணாம்பை நீற்றிக் குழியில் தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும்; ஒரு மாதம் வைத்தால் இன்னும் நல்லது. அவசரப்பட்டு எடுத்தால் நீறாத சிறு கட்டிகள் தளத்துக்குள் போய், பிறகு ஈரம் பட்டு நீறி, கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும். மூட்டையில் கட்டி வரும் தூள் பழையதாக இருந்தால் காற்றுப் பட்டு வீரியம் போயிருக்கும். அது வெள்ளையடிக்கக்கூட உதவாது. கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்கு விரித்து, பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற வாட்டமாவது கூரை நீர் வெளியேறும் தூம்பை நோக்கி இருக்கும்படி ரசமட்டம் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடிப்பு. மரக்கட்டையால் வரிசையாக உட்கார்ந்து அடிக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் போட்டுச் சில நாள் ஊறவைத்த தண்ணீரை அவ்வப்போது தெளிக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்று மேஸ்திரியைக் கேட்டால் நாள் கணக்குச் சொல்ல மாட்டார். கட்டை துள்ள வேண்டும் என்பார். அடித்த கட்டை மெத்தென்று அமிழாமல் கையை உதறித் திருப்பி அடித்தால் தளம் இறுகிவிட்டது. முதல் நாள் அடித்துவிட்டு மறுநாள் வராமல் போனால் கீறல் நிச்சயம். நல்ல மேஸ்திரிக்கு இது ஒரு வாரம் அளவு வேலை. அதற்குச் சம்பளம் கொடுக்கத் தயங்கித்தான் பல ஊர்கள் ரெடிமிக்ஸ் லாரியைக் கூப்பிடுகின்றன.

தளத்தின் மேல் தட்டோடு, அதே செங்கல் தூள் சாந்தில், ஓட்டின் இணைப்பு மேல் இணைப்பு வராதபடி இரண்டு வரிசை. கைப்பிடிச் சுவர் சேரும் மூலையில் செங்கோணமாக விடாமல் சாந்தை வளைத்து ஏற்ற வேண்டும். பின் பத்து நாளாவது ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும். தை பிறந்து பங்குனி முடியும் வரை இதற்கு நல்ல காலம். அக்னி நட்சத்திரத்தில் போட்ட தளம் இறுகும் முன்பே காய்ந்து தூளாகும். ஐப்பசியில் போட்டது மழையில் கரைந்து தூம்பு வழியாக வெளியே போகும்.

தூம்பு என்றதும் ஒன்று. நீரை வெளியே தள்ளும் கல் கோமுகம் உடைந்த இடத்தில் பி.வி.சி. குழாயைச் சுவரோடு சுவராக இறக்குகிறார்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் முழுவதும் கூரையிலேயே நிற்கும். இணைப்பு விட்டால் மண்டபத்தின் அடிப்பீடமான அதிட்டானத்தின் மேலேயே கொட்டும். கோமுகம், கூரை ஓரத்து வளைந்த கல் இறவாரமான கொடுங்கையைத் தாண்டி ஓரடியாவது நீண்டு, விழும் நீர் கட்டடத்தின் காலில் படாமல் தள்ளி விழ வேண்டும். விழும் இடத்தில் ஒரு கல் பதித்து வாய்க்கால் காட்டிவிட்டால் போதும்.

கூரை இடுக்கில் முளைக்கும் அரசும் ஆலும் தனிக்கதை. பறவை போட்ட விதை, ஈரம் கசிகிற இடத்தில்தான் உயிர் பிடிக்கும். ஆகவே செடி முளைத்த இடமே ஒழுகும் இடம். சுண்டுவிரல் கனத்தில் இருக்கும்போது வேரோடு எடுத்துவிடலாம். கை கனம் ஆனபின் பிடித்து இழுத்தால் வேரோடு கல்லும் சேர்ந்து கிளம்பும். அப்போது தண்டை வெட்டி, வெட்டிய முகத்தில் பச்சையாக இருக்கும்போதே களைக்கொல்லி தடவி, வேர் செத்துச் சுருங்கும்வரை காத்திருந்து, பிறகு அந்த வெற்றிடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும். ஆசிட் ஊற்றுவது நிறைய இடங்களில் நடக்கிறது. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும். செடி சாவதற்குள் சாந்து செத்துவிடும்.

கல்லின் மேல்தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வெட்டு எழுத்தின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வது இந்த ஆழத்தையே தின்றுவிடும். கோயில்களில் இதற்குத் தடை இருக்கிறது. தடை ஊர் மண்டபத்துக்கு எழுதப்படவில்லை என்பதால் அங்கே அனுமதி என்று ஆகிவிடாது. தேங்காய் நார், மென்மையான நைலான் தூரிகை, நிறையத் தண்ணீர், இவற்றில் பெரும்பாலான அழுக்கு போய்விடும். பிடிவாதமான பாசிக்கு நீர்த்த அம்மோனியாக் கரைசலைத் தடவி உடனே கழுவும் முறையைத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் கையாளுகிறார்கள். அதை அவர்கள் மேற்பார்வையில் செய்வது நல்லது. எனாமல் பெயிண்ட் அடிப்பது எழுத்தைச் சாந்து போட்டு மூடுவதற்குச் சமம், பிறகு அதைச் சுரண்டுகிறவர் எழுத்தையும் சேர்த்துச் சுரண்டுவார். தூணைக் கிரைண்டர் வைத்து வழவழப்பாக்குவதும் வேண்டாம். பழைய பாவுகல்லின் ஓரத்தைக் கீழிருந்து பாருங்கள்: இரண்டு மூன்று அங்குல அகலத்தில் வரிசையாகப் பாதிக் குழிகள் தெரியும். பாறையில் குழியடித்து, ஆப்பு இறக்கி, கல்லைப் பிளந்த தடம் அது. மறுபாதிக் குழிகள் பக்கத்து ஊர்ப் பாறையில் இன்னும் இருக்கக்கூடும். கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தரையில் டைல்ஸ் ஒட்டும்போது போவது இன்னும் அதிகம். தளக்கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்களும் பல்லாங்குழிகளும் வெட்டப்பட்டிருக்கும். எத்தனை தலைமுறை அங்கே உட்கார்ந்திருந்தது என்று குழியின் வழவழப்பைத் தடவினால் தெரியும். அதிட்டானத்திலோ சுவரிலோ ஒரு நீண்ட நேர்க்கோடு, இரு முனையிலும் குறுக்குக் கோடு போட்டு வெட்டியிருந்தால் அது கிறுக்கல் அல்ல. நிலம் அளந்த கோலின் நீளம். ஊர் நிலத்தை எந்தக் கோலால் அளந்தார்கள் என்று சர்ச்சை வந்தால் அங்கே வந்துதான் சரிபார்த்தார்கள். அதைக் கண்டால் முனைக்கு முனை அளந்து குறித்து, படமெடுத்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். டைல்ஸ் போட்ட தரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. தளக்கல் இடுக்கு வழியே ஆவியாகிக்கொண்டிருந்த நில ஈரம், மேலே அடைபட்டதும் தூணடிக்கும் சுவருக்கும் ஒதுங்குகிறது. தூணடியில் வெள்ளையாக உப்புப் பூப்பதும், செங்கல் சுவர் முழங்கால் உயரத்துக்கு உதிர்வதும் இதனால்தான்.

சாலையும் இதில் பங்கு வகிக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டு மண்டபத்தின் அதிட்டானத்தில் குமுதம் என்னும் அடுக்கு வரை மண்ணுக்குள் போன ஊர்கள் உண்டு. குமுதமும் அதன் கீழுள்ள ஜகதியும் கல்வெட்டு வெட்டுவதற்கென்றே வாகான உறுப்புகள். எழுத்து அங்கேதான் புதைகிறது. மழைநீரும் சாலையிலிருந்து மண்டபத்துக்குள் வருகிறது. ஒப்பந்தத்திலேயே சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று எழுதச் சொல்லி ஊராட்சி கேட்க வேண்டும்.

உடைந்த உத்திரத்துக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்குவதைத் தவிர்க்க வேண்டும். இரும்பு துருப்பிடித்தால் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்குள் இறங்கிய ஆணி கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கல் தூண் ஒன்றை அடியில் நிறுத்தித் தாங்கக் கொடுப்பது பழைய வழி, பல கோயில்களில் அப்படி நிற்கிறது. இணைத்தே ஆக வேண்டுமென்றால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி மட்டும், அதுவும் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகு. மண்டபத்துக்குள் அடுப்பு மூட்டுவது, குப்பை எரிப்பது இரண்டும் கூடாது. சூட்டில் கருங்கல்லிலுள்ள படிகங்கள் வேறு வேறு அளவில் விரிந்து, மேல்தோல் தட்டுத் தட்டாகப் பொரிந்து விழும்.

வேறு வழியே இல்லாமல் கல்லைப் பிரிக்க நேர்ந்தால் ஒவ்வொரு கல்லுக்கும் வெளியே தெரியாத முகத்தில் எண் இட்டு, நான்கு பக்கமும் படமெடுத்து, வரைபடத்தில் அதே எண்ணைக் குறித்த பிறகே கல்லைத் தூக்கும் செயின் பிளாக்கைக் கட்ட வேண்டும். எண்ணிடாமல் பிரித்துக் கட்டிய இடங்களில் கல்வெட்டு வரிகள் தலைகீழாகவும் இடம் மாறியும் இருப்பதை இன்றும் பார்க்கலாம். பாதி வாக்கியம் தெற்குச் சுவரில், மீதி வாசற்படியில்.

சட்டத்தில் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களைக் காக்கின்றன. மத்தியச் சின்னமானால் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. பட்டியலில் இல்லாத மண்டபத்துக்கு ஊராட்சிதான் காவல். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட முடியும்: இந்தக் கட்டடத்தின் அளவு, தூண் எண்ணிக்கை, கல்வெட்டு இருக்கும் இடம், படங்கள் ஆகியவை ஊராட்சிப் பதிவேட்டில் சேரட்டும், தொல்லியல் துறையைக் கேட்காமல் அதில் எந்த வேலையும் நடக்க வேண்டாம். கல்வெட்டு இருந்தால் வேலைக்கு முன்பே படி எடுக்கச் சொல்லி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பலாம்.

பணம் சேரவில்லை, இந்த ஆண்டு தளம் போட வழியில்லை என்றால் அதனால் கட்டடம் விழுந்துவிடாது. புரட்டாசிக்குள் ஓர் ஆளை ஏணி வைத்து ஏற்றி, கூரையில் கிடக்கும் சருகையும் மண்ணையும் வாரி இறக்கி, சுண்டுவிரல் கனச் செடிகளைப் பிடுங்கி, தூம்பு வாயில் அடைத்திருப்பதைக் குச்சியால் குத்தி எடுத்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அது எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்த்துவிட்டால் இந்த மழைக்காலத்தைத் தாண்டிவிடலாம். அரை நாள் வேலை.

இப்படிக்கு,
மரபுக் கற்கட்டடப் பணியில் உள்ள வாசகர்கள்